அரை நொடி

ஏழாம் எண் பெண் பேசி முடித்து மூன்று நிமிடம் ஆகியும் டில்லிபாபு காதிலிருந்து ஹெட்போனைக் கழற்றவில்லை. உள்ளே சத்தம் ஒன்றும் இல்லை, அவன் மூச்சுதான் அவனுக்கே கேட்டது. மணி இரண்டே முக்கால். நான்கு மணிக்குள் பன்னிரண்டு பேருக்கும் மார்க் போட்டு அனுப்ப வேண்டும், ஆறு பேருக்கு மதியச் சாப்பாட்டுக்கு முன்பே போட்டாகிவிட்டது, ஏழாவதில் வந்து வண்டி நின்றுவிட்டது. இன்னொரு தடவை கேட்டுவிடுவோம் என்று கை மவுஸ்மேல் போனது, போன கை அங்கேயே நின்றது. எதற்கு இன்னொரு தடவை? காது கேட்காதவனா நீ? இந்த ஆபீஸிலேயே பெரிய காது உன்னுடையதுதானே. மருத்துவமனைகளுக்கு வருகிற போன்களை அவர்கள் சார்பில் எடுத்துப் பேசுகிற கம்பெனி இது. டாக்டர் எத்தனை மணிக்கு வருவார், ஸ்கேனுக்கு வெறும் வயிற்றோடு வர வேண்டுமா என்று கேட்பவர்களுக்குப் பதில் சொல்ல முந்நூறு பேர் கீழ்த்தளத்தில் உட்கார்ந்திருக்கிறார்கள். அந்த முந்நூறில் ஒருவராக உட்கார வேண்டுமென்றால் முதலில் டில்லிபாபுவின் காதைத் தாண்ட வேண்டும். பெயர் இல்லாமல், படிப்பு இல்லாமல், எண் மட்டும் ஒட்டிய ஒலிப்பதிவாக வந்து சேருவார்கள். அவன் இந்தக் கண்ணாடி அறையில் கதவைச் சாத்திக்கொண்டு கேட்பான். உச்சரிப்பு, வேகம், பணிவு, சொல், தடங்கல் என்று ஐந்து கட்டம், கட்டத்துக்குப் பத்து மார்க், எந்தக் கட்டத்திலாவது ஏழுக்குக் கீழே போனால் வேலை இல்லை. தேறியவர்களின் பதிவை மேனேஜர் சுபத்ரா மேடம் ஒரு தடவை கேட்பார். தேறாதவர்களின் பதிவை அவனுக்குப் பிறகு யாரும் கேட்பதில்லை.

பெயர்தான் இல்லையே தவிர ஆள் தெரியாமல் போகுமா? பதிவின் முதல் பகுதியில் யாரோ ஒரு பெண் என்றுதான் நினைத்தான். நல்ல தெளிவு, அவசரமில்லாத வேகம், எட்டு போடலாம், ஒன்பதுகூடப் போடலாம் என்று மனசு தன் பாட்டுக்குக் கட்டத்தை நிரப்பிக்கொண்டே போனது. இரண்டாவது பகுதியில், கோபக்கார நோயாளியின் மகனாக நடிக்கும் டிரெயினருக்கு அவள் பொறுமையாகப் பதில் சொன்னபோது, உங்கள் சிரமம் எனக்குப் புரிகிறது ஐயா என்று தணிந்த இடத்தில், குரலின் அடியில் ஒரு கரகரப்பு எழுந்தது. அமுலுவின் கரகரப்பு. அவனுடைய அக்கா அமுலு, வடசென்னை வியாசர்பாடியில் மூன்றாவது மாடியிலிருந்து தண்ணீர் லாரிக்காரனைக் கூப்பிடுகிற அதே தொண்டை. டில்லிபாபு நிமிர்ந்து உட்கார்ந்தான். அக்கா மகள் யுவராணி. இருக்காது, ஊரில் கரகரத்த தொண்டைக்கா பஞ்சம் என்று தனக்கே சப்பைக்கட்டு கட்டிப் பார்த்தான். மூன்றாவது பகுதியில், உங்களைப் பற்றிச் சொல்லுங்கள் என்றதும் அவள் சொன்னாள்: "எங்க பூர்வீகம் கும்பகோணம் பக்கம்ங்க. காவிரிக்கரை." வியாசர்பாடியில் பிறந்து வியாசர்பாடியில் வளர்ந்து தெற்கே தாம்பரத்தைத் தாண்டாத பெண். கும்பகோணத்தை அவளுக்கு யார் கொடுத்தது என்று யாரையும் போய்க் கேட்க வேண்டியதில்லை. போன பொங்கலுக்கு அக்கா வீட்டுக்குப் போயிருந்தான். சாப்பிட்டு முடித்துக் காலை நீட்டி உட்கார்ந்திருந்த நேரத்தில், மாமா, நீ ஆபீஸ்ல பேசற மாதிரி கொஞ்சம் பேசிக் காட்டேன் என்று யுவராணி கேட்டாள். அவனுக்கும் ஒரு குஷி. வணக்கம் சொல்லி, ஐயா சொல்லி, அம்மா சொல்லி, யாராவது ஊர் கேட்டால் இப்படித்தான் சொல்வேன் என்று கண்ணைச் சிமிட்டிக்கொண்டு அந்தக் கும்பகோணத்தையும் காவிரிக்கரையையும் எடுத்துவிட்டான். வீடே சிரித்தது. அவள் மட்டும் சிரிக்காமல் செல்போனை நீட்டிப் பதிவு செய்துகொண்டிருந்தாள். விளையாட்டுக்கு என்று நினைத்தான். எட்டு மாதமாக அதைப் போட்டுப் போட்டுக் கேட்டிருக்கிறாள். வேலைக்குக் கும்பகோணமும் ஒரு தகுதி என்று நினைத்துவிட்டாள் போலிருக்கிறது.

அவன் மட்டும் ஆசைப்பட்டா கும்பகோணத்துக்காரன் ஆனான்? பி.காம். முடித்த கையோடு ஒரு செல்போன் கம்பெனிக்கு இண்டர்வியூ போனான், இது நடந்து பதினாலு வருஷம். எதிரில் இருந்தவர் கெட்டவர் இல்லை. சிரித்த முகம், டீகூட வாங்கிக் கொடுத்தார். இவன் ஐந்து நிமிடம் தன்னைப் பற்றிச் சொல்லி முடித்ததும் அவர் பொறுமையாக, "தம்பி, கூச்சப்படாம தமிழ்லயே பேசுங்க" என்றார். அவன் அதுவரை பேசியது தமிழ்தான். அவர் கேலி செய்யவில்லை என்பதுதான் இன்றைக்கும் சுடுகிறது. கேலி செய்திருந்தால் திருப்பி நாலு வார்த்தை கொடுத்துவிட்டு எழுந்து வந்திருப்பான். அன்றைக்குச் சாயந்திரமே ஒரு நோட்டு வாங்கினான். இடது பக்கம் வாயில் வருவது, வலது பக்கம் வர வேண்டியது. குந்து, உட்கார். அப்பால, பிறகு. ஜல்பு, சளி. பேஜார், தொல்லை. எனுக்கு, எனக்கு. இந்தக் கடைசிச் சோடிதான் அவன் உயிரை வாங்கியது, ஆறு மாதம் ஆனது நாக்குக்கு அந்த ஒரு எழுத்தை விட. குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டுச் செய்தித்தாளை உரக்கப் படிப்பான், வெளியே அமுலு கதவைத் தட்டி, உள்ள யாரோட பேசினுகிற என்று கேட்பாள். இந்தக் கம்பெனியில் சேர்ந்த முதல் நாள், பக்கத்து இருக்கைக்காரன், பேச்சு அழகா இருக்கே, எந்த ஊர் என்றான். இவன் வாயைத் திறப்பதற்குள் அவனே, கும்பகோணம் பக்கமா என்றான். இவன் தலையாட்டினான். ஆட்டியது ஒரே ஒரு தடவைதான், அதற்குப் பிறகு பதினோரு வருஷமாகத் தலையை நிறுத்த முடியவில்லை. எந்தத் தெரு, எந்தக் கோயில் பக்கம், எங்க மாமனார் வீடும் அங்கதான் என்று ஆளாளுக்கு விசாரிக்க ஆரம்பித்ததும் ஒரு நாள் லீவு போட்டுவிட்டு பஸ் ஏறிக் கும்பகோணம் போனான். பஸ் ஸ்டாண்டிலிருந்து எந்தப் பக்கம் திரும்பினால் எந்தத் தெரு, பாத்திரக்கடைகள் எங்கே, ஆற்றுக்குப் போகும் வழி எது என்று பகல் முழுக்கச் சுற்றிக் குறித்துக்கொண்டான். சொந்த ஊரை மனப்பாடம் பண்ணப் போன ஒரே ஆள் நானாகத்தான் இருக்கும் என்று திரும்பி வரும்போது சிரிப்பு வந்தது, பண்ருட்டி தாண்டுவதற்குள் நின்றுவிட்டது. பேட்ஜில் பாபு என்று மட்டும் போட்டுக்கொண்டான். டில்லி என்று முன்னால் இருந்தால் வடசென்னை ஆள் என்று பெயரே சொல்லிவிடும்.

மணி மூன்று. எட்டாம் எண்ணையாவது கேட்போம் என்று எட்டைத் தட்டினான். யாரோ ஒரு பையன், திருநெல்வேலிப் பக்கம், நல்லாத்தான் பேசினான், ஆனால் ஒரு வார்த்தை உள்ளே இறங்கவில்லை, பாதியில் நிறுத்திவிட்டு ஏழுக்கே திரும்பினான். இந்தத் தடவை மற்ற நான்கு கட்டத்தையும் விட்டுவிட்டு தடங்கல் என்ற அந்த ஐந்தாவது கட்டத்துக்காக மட்டும் கேட்டான். இருந்தது. வணக்கத்துக்கு முன்னால் இருந்தது, ஐயாவுக்கு முன்னால் இருந்தது, ஒவ்வொரு வாக்கியமும் தொடங்கும் இடத்தில் ஒரு அரை நொடி. வந்த வார்த்தையை விழுங்கிவிட்டு வேறொரு வார்த்தையை எடுத்துக்கொண்டு வருகிற நேரம் அது. தெருவில் பேசி வளர்ந்த நாக்கு எவ்வளவு திருந்தினாலும் இந்த அரை நொடி மட்டும் போகாது. உச்சரிப்பைப் பழகலாம், சொல்லை மாற்றலாம், இதை மறைக்க முடியாது. நாலு வருஷத்துக்கு முன்னால் ஒரு மீட்டிங்கில் எழுந்து நின்று இதைச் சொன்னதே டில்லிபாபுதான். தடங்கல் என்று தனியாக ஒரு கட்டம் வைத்தால் பயிற்சி எடுத்துக்கொண்டு வந்து ஏமாற்றுகிறவர்களைப் பிடித்துவிடலாம் என்றான். ஏமாற்றுகிறவர்கள் என்றுதான் சொன்னான். எல்லோரும் கை தட்டினார்கள், பாபு காது பாம்புக் காது என்றார்கள், வருஷக் கடைசியில் பெயர் பொறித்த கண்ணாடிக் கேடயம் கொடுத்தார்கள், அது அதோ மானிட்டருக்குப் பக்கத்தில் தூசியோடு நிற்கிறது. எப்படிக் கண்டுபிடிக்கிறீங்க பாபு என்று சுபத்ரா மேடம் கேட்டபோது அனுபவம்தான் மேடம் என்றான். பொய் இல்லை, அனுபவம்தான். அந்த அரை நொடிக்குள் என்ன நடக்கிறது என்று அவனுக்குத் தெரியும், ஏனென்றால் தினமும் காலை ஒன்பதிலிருந்து மாலை ஆறு வரை அவன் அதற்குள்தான் குடியிருக்கிறான். இந்தப் பெண் அவன் பேச்சைப் பதிவு செய்து படித்தாளா, அதோடு சேர்த்து அந்த அரை நொடியையும் அப்படியே படித்துவிட்டிருக்கிறாள். தன்னுடைய குறையை இவ்வளவு தெளிவாக இன்னொரு தொண்டையில் அவன் கேட்டதே இல்லை. வெட்கமாக இருந்தது, அழுகை வருமோ என்றும் பயமாக இருந்தது.

எழுந்து தண்ணீர் பிடிக்கப் போனான். படிக்கட்டுப் பக்கம் போனால் கீழ்த்தளத்தின் இரைச்சல் கேட்கும், வணக்கம், சொல்லுங்கம்மா, லைனில் இருங்க ஐயா. போன் செய்கிறவர்கள் மட்டும் எப்படி வேண்டுமானாலும் பேசலாம், அதுதான் வேடிக்கை. டாக்டரு எப்போ வருவாரு, காத்தால இட்டாந்தா பாப்பாரா என்று அவன் தெருப் பெண்கள் தினமும் கேட்கிறார்கள், அவர்களுக்குப் பதில் சொல்பவள் மட்டும் அவர்கள் தெருவிலிருந்து வந்தவளாக இருக்கக் கூடாது. சரி, இது யார் போட்ட சட்டம்? நான் போட்டேனா? நான் ஒரு கட்டம்தானே போட்டேன். தம்ளரில் தண்ணீர் நிரம்பி விரலில் வழிந்தது. தடங்கலில் ஆறு போட்டு அனுப்பிவிட்டால் முடிந்தது கதை. யாருக்கும் தெரியாது, யுவராணிக்குக் கூடத் தெரியாது, மார்க் போடுகிறவன் மாமன்தான் என்று அவளுக்கு எப்படித் தெரியும், மாமாவுக்குக் கம்ப்யூட்டர் வேலை என்றுதான் அந்த வீட்டில் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். எட்டு போட்டால் பதிவு சுபத்ரா மேடத்துக்குப் போகும், மேடம் கேட்பார், பாம்புக் காது பாபுவா இதைக் கோட்டை விட்டது என்று புருவம் உயரும், பிறகு அந்தக் கும்பகோணம் வரும், உங்க ஊர்க்காரப் பொண்ணாச்சே பாபு என்பார், நூல் பிடித்த மாதிரி ஒவ்வொன்றாக வெளியே வரும். வந்தால் என்ன? என்னவா. பள்ளிக்கரணையில் அவன் இருக்கும் அபார்ட்மெண்டில் இதே ஆபீஸ்காரர்கள் நாலு குடும்பம். வியாசர்பாடி என்று சொன்னால் எதிரே இருப்பவர் முகத்தில் சின்னதாக ஒரு மாற்றம் வரும், சிரிப்பு இருக்கும், கண் மட்டும் ஒரு அடி பின்னால் போகும். அதை அவன் எத்தனை பேர் முகத்தில் பார்த்திருக்கிறான். மகள் மித்ராவுக்கு ஐந்து வயதாக இருந்தபோது, அத்தை வீட்டில் பத்து நாள் இருந்துவிட்டு வந்தவள், லிஃப்டில் எல்லோர் முன்னாலும், இன்னாப்பா லிஃப்ட் இம்மாந்நேரம் வருது என்றாள். எல்லோரும் சிரித்தார்கள், குழந்தைப் பேச்சு என்று சிரித்தார்கள், அவ்வளவுதான். வீட்டுக்குள் வந்து கதவைச் சாத்தியதும் அவன் குழந்தையின் வாயில் ஒரு அடி வைத்தான். அவன் மனைவி பிருந்தா திருச்சிக்காரி, எல்லாம் தெரிந்தே கட்டிக்கொண்டவள், அன்றைக்கு அவனை ஒரு பார்வை பார்த்தாள். அதற்குப் பிறகு மித்ரா அத்தை வீட்டுக்குப் போய்த் தங்கவில்லை. அவனும் பொங்கலுக்குப் பொங்கல் தனியாகப் போய் ஒரு வேளை சாப்பிட்டுவிட்டு வந்துவிடுவான்.

அமுலு இதையெல்லாம் கேட்பவள் இல்லை. குழந்தையை ஏன் கூட்டிக்கொண்டு வரவில்லை என்று ஒரு தடவைகூடக் கேட்டதில்லை, கேட்டிருந்தால் ஏதாவது பூசி மெழுகியிருப்பான். இவன் கல்லூரி முடிக்க வேண்டும் என்று ப்ளஸ் டூவோடு நிறுத்திக்கொண்டு எக்ஸ்போர்ட் கம்பெனியில் சட்டைகளுக்குக் காஜா எடுக்கப் போனவள் அவள், அதையும் ஒரு நாள் சொல்லிக்காட்டியதில்லை. போன வாரம் போன் பண்ணினாள். பேச்சோடு பேச்சாக, "பொண்ணு எங்கியோ போன்ல பேசற வேலைக்கு எழுதிப் போட்டுகீதுடா. நீ ஒண்ணியும் பண்ண வேணாம், அதுவே பாத்துக்கும்" என்றாள். எந்தக் கம்பெனி என்று அவன் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. கேட்டால் தெரிந்துவிடும், தெரிந்தால் ஏதாவது செய்ய வேண்டியிருக்கும் என்று அப்போதே உள்ளே ஒருத்தன் கணித்துவிட்டான், அந்த ஒருத்தன் எப்போதும் முழித்துக்கொண்டேதான் இருக்கிறான். நீ ஒண்ணியும் பண்ண வேணாம். சரிக்கா. சரிக்கா என்றுதான் சொன்னான், அதையும் அரை நொடி நின்று சொன்னான். சொந்த அக்காவிடமே நாக்கு நின்றுதான் புறப்படுகிறது, அவளிடம் பேச எந்தப் பக்கத்து வார்த்தையை எடுக்க வேண்டும் என்றே அதற்கு மறந்துபோய்விட்டது. எந்தப் பேச்சில் நான் நிற்காமல் பேசுகிறேன், கனவிலாவது பேசுகிறேனா, யாரைக் கேட்பது இதை.

மணி மூன்று முப்பத்தைந்து. மற்ற ஐந்து பேரையும் எப்படியோ கேட்டு முடித்தான், அவர்களில் யாருக்கும் அந்த அரை நொடி இல்லை, எல்லோரும் தேறினார்கள். ஏழு மட்டும் வெறுமையாக நின்றது. உச்சரிப்பு ஒன்பது. வேகம் எட்டு. பணிவு ஒன்பது. சொல் ஒன்பது. தடங்கல் கட்டத்தில் விரல் ஆறு என்று அடித்தது. அழித்துவிட்டு எட்டு என்று அடித்தான். எட்டைப் பார்க்கப் பார்க்கப் பொய்யாகத் தெரிந்தது, அக்கா மகள் என்பதற்காகக் காதை மூடிக்கொண்டான் என்று நாளைக்கு யாராவது சொல்லலாம், அதைவிட, ஒரு வேலையைப் பதினோரு வருஷமாக ஒழுங்காகச் செய்தவன் என்கிற ஒரே ஒரு உண்மையான விஷயமும் போய்விடும். திரும்ப ஆறு. அதற்குக் கீழே கடைசி வரி இருந்தது, இந்தத் தேர்வரை எனக்குத் தெரியாது, பக்கத்தில் டிக் போட ஒரு சின்னச் சதுரம். ஒவ்வொரு குரலுக்கும் அதை அவன் கண்ணை மூடிக்கொண்டு போடுவான், இத்தனை வருஷத்தில் அப்படி ஒரு வரி இருப்பதே மறந்துவிட்டது. இப்போது படித்தான். இந்தத் தேர்வரை எனக்குத் தெரியாது. பிறந்தபோது ஆஸ்பத்திரியிலிருந்து துணியில் சுற்றித் தூக்கிக்கொண்டு வந்தவன் அவன், அவளுக்கு யுவராணி என்று பெயர் வைக்கச் சொன்னவனும் அவன்தான். வேலையைக் கொடுக்காமல் இருக்கலாம், அது காது சொன்ன தீர்ப்பு. தெரியாது என்று எப்படிச் சொல்வது? டிக் போடாமல் அனுப்பு பொத்தானைத் தட்டினான். இதுவரை பார்த்திராத ஒரு பெட்டி திறந்து, உறவுமுறை என்ன என்று கேட்டது. அக்கா மகள் என்று எழுதினான். மேலாளரின் பார்வைக்கு அனுப்பப்படுகிறது என்று வந்தது. எழுந்து ஓடிப்போய் எங்காவது நின்றுகொள்ளலாம் போலிருந்தது, ஆனால் உட்கார்ந்தே இருந்தான்.

எப்போதும் போனில் கூப்பிடுகிற சுபத்ரா மேடம் இன்றைக்குக் கதவைத் தள்ளிக்கொண்டு நேரிலேயே வந்தார். கையில் அவருடைய ஹெட்போன் தொங்கியது. எதிர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"ஏழாம் நம்பர் உங்க அக்கா பொண்ணா பாபு? அதான் கும்பகோணம்னு சொல்லுது."

இதோ, தலையாட்டினால் போதும். தலை தானாகவே கொஞ்சம் அசையக்கூடச் செய்தது.

"இல்ல மேடம். அது வியாசர்பாடிப் பொண்ணு. நானும் வியாசர்பாடிதான். கும்பகோணம்லாம் நான் பேசிக் காட்டினது, அது நிஜம்னு எடுத்துக்கிச்சு. பொண்ணு மேல தப்பு இல்ல."

சொல்லி முடித்த பிறகுதான் கவனித்தான், எந்த இடத்திலும் நாக்கு நிற்கவில்லை. மேடத்தின் முகத்தில் அந்தச் சின்ன மாற்றம் வந்ததா இல்லையா என்று அவனுக்குத் தெரியாது, அவன் கேடயத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். பதினோரு வருஷமாகவா என்று அவர் கேட்டது காதில் விழுந்தது. ஆமா மேடம் என்றான். பிறகு அவர், சரி, அதை அப்புறம் பேசிக்கொள்வோம், இப்போது இந்த மார்க்குக்கு வாங்க என்று திரையைத் தன் பக்கம் திருப்பினார்.

"தடங்கல்ல ஆறு போட்டிருக்கீங்க. நான் ரெண்டு தடவை கேட்டுட்டுதான் வந்தேன். எங்க தடங்குது?"

டில்லிபாபு பதிவை ஓடவிட்டு அவர் காதில் ஹெட்போனைப் போடச் சொன்னான். தன் காதில் ஒன்றை மாட்டிக்கொண்டான். வணக்கத்துக்கு முன்னால் விரலைத் தூக்கினான், இங்கே. ஐயாவுக்கு முன்னால் தூக்கினான், இங்கே. கும்பகோணத்துக்கு முன்னால் கொஞ்சம் நீளமாகவே இருந்தது, இங்கே. மேடம் கண்ணை மூடிக்கொண்டு கவனமாகக் கேட்டார். முடிந்ததும் இன்னொரு தடவை போடச் சொன்னார், விரலைத் தூக்காமல் போடுங்க என்றார். போட்டான். அவர் ஹெட்போனைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். மூச்சு வாங்குது, அவ்வளவுதானே, எல்லாரும் வாங்குறதுதானே என்றார். நல்லாப் பேசுது பொண்ணு, திங்கட்கிழமை வரச் சொல்லப் போறேன் என்றார். அவன் நெஞ்சுக்குள் ஏதோ இளகி இறங்கியது, அமுலுவுக்கு இன்றைக்கே போன் பண்ண வேண்டும் என்று நினைத்தான், நினைத்து முடிப்பதற்குள் இன்னொன்று எழுந்து அதை அப்படியே அழுத்திவிட்டது. நாலு வருஷம். வாரத்துக்கு ஒரு கட்டு. தடங்கலில் ஆறு, தடங்கலில் ஐந்து, பெயர் இல்லாத எண்கள். அவனுக்குப் பிறகு யாரும் கேட்காத குரல்கள். கடைசி வரியில் தயவுசெய்து என்று சேர்த்துக்கொண்ட ஒரு பையன், பேசும்போது பின்னால் ரயில் போன சத்தம் கேட்ட ஒரு பெண், வியாசர்பாடிக்குப் பக்கத்துப் பேசின் பிரிட்ஜாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டே ஐந்து போட்டானே, அந்தப் பெண்.

"நிஜமாவே உங்களுக்குக் கேக்குதா பாபு?" என்றார் மேடம்.

"கேக்குது மேடம்" என்றான் டில்லிபாபு. "எனுக்கு மட்டுந்தான் கேக்குது."